பத்துச் சொடுக்கு

அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே கத்திரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரமாக அது அவள் கண்ணெதிரிலேயே, பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் புதுசின் இடது மணிக்கட்டில் மினுக்கிக்கொண்டிருந்தது. கறுப்பு ரப்பர் பட்டை, கருநீல முகம், முகத்தைச் சுற்றி எண்கள் போட்டு, திருகினால் திரும்புகிற ஒரு வளையம். விளையாட்டுக்காரர்கள் கட்டுகிற ரகம். தலை கழுவும்போதும் கழற்ற வேண்டாம், கடைகண்ணிக்குப் போகும்போதும் கழற்ற வேண்டாம். அதனால் புதுசு அதைக் கழற்றவே இல்லை.

புதுசு என்றால் அப்படியொன்றும் புதுசில்லை. அந்த அழகு நிலையத்தில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. ஆனால் கடையில் ஒருத்திக்குப் பேர் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். கத்திரியக்காவுக்கு அவள் பேர் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு முடி வெட்டச் சொன்னாலும் இரண்டு பக்கமும் சமமாக வெட்டுவாள் என்று முதலாளியம்மாவே எல்லோரிடமும் சொல்வாள்.

கடிகாரத்தின் மேல் அவளுக்கு ஆசை என்று கடையில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கணவரும் அப்படித்தான் நினைத்தார். பஸ் ஓட்டுகிறவர், எதையும் நேர்ப்பாதையில்தான் யோசிப்பார்.

"வேணும்னா சொல்லு, நாமளும் ஒண்ணு வாங்கிடலாம். இதுக்குப் போயி எதுக்கு மூணு வாரமா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டிருக்கே?"

"எனக்கெதுக்கு அது? நூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணி தாங்குமாம். அவ எங்க முங்கப் போறா, தலை கழுவுற தொட்டியிலயா?"

"அப்ப என்னதான் பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

கடிகாரத்தைக் கொடுத்தது யார் என்பதுதான் பிரச்சினை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கொடுத்தது விளையாட்டு டீச்சர். பதினோரு வருஷமாகக் கத்திரியக்காவின் நாற்காலியில் உட்கார்ந்த டீச்சர். அந்தத் தலையில் எந்தச் சுழி எங்கே இருக்கிறது, எந்தக் காதுக்குப் பின்னால் முதல் நரை வந்தது என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படி. போன வருஷம் டீச்சர் ஒரு நாள், முடியில் அங்கங்கே செம்பு நிறக் கீற்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "இந்த வயசுல எதுக்கு டீச்சர் அதெல்லாம்?" என்று இவள் சிரித்துவிட்டாள். அடுத்த மாதம் இவள் காய்ச்சலில் லீவு போட்டாள், டீச்சர் முடி வெட்டிக்கொள்ளப் புதுசின் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அங்கிருந்து எழுந்து வரவே இல்லை. ஒன்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் பார்த்த கடிகாரத்தையும், பணி ஓய்வு நெருங்கியதும், "இனி நான் யாரை ஓடவிடப் போறேன்" என்று கழற்றி அந்தப் பெண்ணின் கையிலேயே கட்டிவிட்டார்.

பதினோரு வருஷத்துக்கு ஒரு குண்டூசி கிடையாது. பத்து மாதத்துக்குக் கைக்கடிகாரம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்றிலிருந்து கத்திரியக்காவின் கைதான் தன் நாற்காலியில் இருந்தது, கண் பக்கத்து நாற்காலியில் இருந்தது. உண்மையைச் சொன்னால், கடிகாரம் வருவதற்கு வெகு நாள் முன்பிருந்தே அப்படித்தான். எந்தத் தலையில் எந்தச் சாயம் எவ்வளவு நேரம் ஊறியிருக்கிறது என்று அவள் மூக்குக்கே தெரியும். நேரமாகிவிட்டது, இந்தப் பெண் கோட்டைவிடப் போகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வெடுக்கென்று திரும்புவாள். திரும்பின அந்த நொடியில் புதுசு எழுந்து, "கழுவிடலாம் மேடம்" என்று குழாயைத் திறந்துகொண்டிருப்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதில் வேறு தனி எரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிரிவுபசார விழா. செம்பு நிறக் கீற்று வேண்டும், கட்டாயம் வேண்டும், இத்தனை வருஷம் விசிலோடு திரிந்தவள் ஒரு நாளாவது ஜோராக மேடையேற வேண்டும் என்றார். கத்திரியக்காவைப் பார்த்து, "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய்ப் புதுசின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கீற்று போடுவதென்றால் முதலில் பிளீச் வைத்து முடியின் கறுப்பை எடுக்க வேண்டும். புதுசு முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, பசையைத் தடவி, அலுமினியத் தாளில் மடித்துச் செருகினாள். கையுறை விளிம்பு இடிக்கிறது என்று அன்றைக்குக் கடிகாரத்தைக் கழற்றித் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தாள். கடைசித் தாளை மடித்ததும் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். இனி முள் நகர நகர, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று வளையத்திலேயே படித்துக்கொள்ளலாம். டீச்சரின் முடிக்கு முப்பது நிமிஷம். அவள் துண்டு எடுக்க உள்ளே போனாள். டீச்சர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

இருபது நிமிஷத்தில் கழுவினால் என்னாகும்? கத்திரியக்காவுக்குத் தெரியும். கறுப்பு பாதிதான் இறங்கும், கீற்றுகள் செங்கல் தூள் கொட்டின மாதிரி நிற்கும். முடிக்குச் சேதமில்லை, முகம்தான் தொங்கிப்போகும். அப்புறம் அதைச் சரிசெய்ய யார் வேண்டும்? டீச்சர் தானாக எழுந்து இந்த நாற்காலிக்கு வருவார். வந்தே ஆக வேண்டும்.

அவள் சீப்பு எடுக்கிற சாக்கில் தள்ளுவண்டிக்குப் போனாள். வளையம் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பியது. நிமிஷத்துக்கு ஒரு சொடுக்கு. டிக், டிக், டிக் என்று பத்து. இனி வளையம் பத்து நிமிஷம் கூட்டியே காட்டும். பிறகு தன் நாற்காலிக்கு வந்து, காத்திருந்த வங்கிக்காரம்மாவின் முடியை நனைக்க ஆரம்பித்தாள்.

இனி அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் தன் வேலையை மட்டும் பார்த்தாள். வங்கிக்காரம்மாவே ஆச்சரியப்பட்டு, "என்னம்மா, இன்னிக்கு இவ்ளோ அக்கறை?" என்றார்.

இருபது நிமிஷமாயிற்று. குழாய்ச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. இருபத்தைந்து. முப்பது. புதுசு ஏதோ சொல்ல, டீச்சர் சிரிப்பது கேட்டது. வளையத்தின்படி இப்போது நாற்பது ஆகியிருக்கும், இவள் ஏன் இன்னும் எழவில்லை? முப்பத்தைந்து. பிளீச் வாடை மாறிவிட்டது. அந்த வாடை கத்திரியக்காவின் மூக்கில் ஏறி உச்சந்தலையில் அடித்தது. கழுத்து திரும்பு திரும்பு என்று அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது. இனியும் விட்டால் முடி கீற்றாக நிற்காது, சவ்வு மாதிரி இழுபடும், அறுந்து கையோடு வரும். நாளைக்கு டீச்சர் மேடையேற வேண்டும்.

கத்திரியக்கா திரும்பிப் பார்த்தாள்.

பார்த்த அந்த நொடியில் புதுசு எழுந்து, "கழுவிடலாம் டீச்சர்" என்றாள்.

"தள்ளுடி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் கத்திரியக்கா. வங்கிக்காரம்மா பாதி வெட்டிய முடியோடு வாய் பிளந்தார். டீச்சரைத் தொட்டிக்கு நடத்திப்போய், தாள்களைப் பிய்த்தெறிந்து, குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டாள். வேர்ப்பக்கம் பிழைத்துவிட்டது. நுனிப்பக்கம் விரலில் ஒட்டி இழுபட்டது, இரண்டு கற்றை அறுந்தே வந்தது. புதுசு சுவரோடு ஒட்டி நின்று விசும்பினாள்.

"டீச்சர், நுனி போச்சு. கழுத்து வரைக்கும் வெட்டியாகணும். வெட்டட்டுமா?"

"வெட்டு" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

ஒரு மணி நேரம் அந்தக் கத்திரி பேசியது. பதினோரு வருஷமாகத் தெரிந்த தலை, ஒவ்வொரு சுழியும் கைக்கு நினைவிருந்தது. கழுத்தளவில் குட்டையாக நின்ற முடியில், மிஞ்சின கீற்றுகள் அவள் பூசின செம்புச் சாயத்தில் பளிச்சிட்டன. டீச்சருக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. இந்த வயதில் எதற்கு என்று சிரித்தவள் இவள்தான், அது அப்போது நினைவுக்கு வந்து சுருக்கென்றது.

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "ஏங்க்கா, இன்னிக்கு நீங்க பாக்கவே இல்ல?"

"என்னது?"

"எப்பவும் பாப்பீங்களேக்கா. கரெக்டா நேரம் ஆனதும் திரும்பிப் பாப்பீங்க. நீங்க பாத்தா நான் எழுந்திரிப்பேன். வந்த நாள்லேருந்து அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு வாடையும் தெரியாது, தாளப் பிரிச்சுப் பாத்தாலும் புரியாது. நீங்கதான் எனக்காகப் பாத்துக்கிறீங்கன்னு நெனச்சேன்."

கத்திரியக்காவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

டீச்சர் கையை நீட்டித் தள்ளுவண்டியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். வளையத்தைப் பார்த்தார். அதைத் திருக ஆரம்பித்தார். அது பின்னால் திரும்பாது என்பதால், பத்தைச் சரிசெய்ய மீதி ஐம்பதையும் சுற்றித்தான் ஆக வேண்டும். டிக், டிக் என்று கடை முழுக்கக் கேட்டது. வங்கிக்காரம்மா பாதி வெட்டிய தலையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரியக்காவுக்குக் காது மடல் சுட்டது.

ஐம்பதும் முடிந்ததும் டீச்சர் சொன்னார். "நான் கண்ணத்தான் மூடியிருந்தேன் கத்திரி. ஒம்பது வருஷம் கேட்ட சத்தம். நீ வெளையாட்டுக்குத் தொட்டுப் பாக்குறேன்னு நெனச்சேன்."

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. கத்திரியக்கா புதுசின் பக்கம் திரும்பி, "நான்தான் திருப்பினேன்" என்றாள்.

"எதக்கா?"

"அந்த வளையத்த. பத்து நிமிஷம் கூட்டி வச்சேன். நீ சீக்கிரம் கழுவணும்னு. டீச்சர் ஒன்மேல கோவப்படணும்னு. எனக்கு அவ்ளோ பொறாமை."

புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுவா? அத யாருக்கா பாத்தா! அது எனக்குப் புரியவே புரியாது. டீச்சர் எதிர்ல சும்மா ஸ்டைலுக்குத் திருப்பி வைப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்திரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை எண்ணி எண்ணிச் செய்த கெடுதலை அந்தப் பெண் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவமானத்திலும் இது ஒரு தினுசு.

டீச்சர் எழுந்தார், கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடிகாரத்தை யார் கையில் கொடுக்கப்போகிறார் என்று கத்திரியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் புதுசின் கையிலேயே கட்டிவிட்டார்.

"அடுத்த மாசமும் இவகிட்டதான் வருவேன்" என்றார். "நீ பாத்துக்கிட்டே இரு கத்திரி. இன்னிக்கு மாதிரி பாக்காம விட்டே, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்."

கதவு மூடியது. கத்திரியக்கா வங்கிக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி கத்திரியை எடுத்தாள். சாயங்காலம் புதுசுக்கு இன்னொரு தலை வந்தது, சாயம் பூசி உட்காரவைத்தாள். முப்பதாவது நிமிஷத்தில் கத்திரியக்காவின் கழுத்து அரித்தது. அந்தக் கறுப்புப் பட்டை அங்கே மினுக்கிக்கொண்டிருந்தது, வயிறு பழையபடியே எரிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். புதுசு எழுந்தாள்.