வாய்க்குப் பயந்து

உடும்பஞ்சோலைக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளில், லயத்தில், செல்வப்பிரியாவுக்கு இரண்டு பெயர். நேரில் செல்வி, அவள் அந்தப் பக்கம் போனதும் டெட்டாலம்மா. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டாள். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் இந்தச் சிரிக்கிற வாயெல்லாம் வந்து பார்க்கவா போகிறது என்பது அவள் கட்சி.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மூடி போட்டு, அந்த மூடியையும் துடைத்து வைப்பாள். மூத்தவள் மௌனிகாவுக்கும் சின்னவள் ரிதன்யாவுக்கும் நகம் வளர நேரம் கொடுக்க மாட்டாள். புருஷன் சுடலை பூச்சிமருந்தடிக்கிற ஆள். ஏலச்செடிக்கு அடித்துவிட்டு வந்தால் சட்டை கைலியோடு வாசற்படி ஏற முடியாது. தூறலோ பனியோ, வெளியிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, தேய்த்துக் குளித்து, அவள் நீட்டுகிற துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். லயத்துப் பெண்கள் வேண்டுமென்றே அந்த நேரத்துக்குத் தண்ணீர் பிடிக்க வருவார்கள். சுடலை வெட்கத்தில் நெளிவான். அவரைக்கொடிக்குத் தெளிக்கவும் கறையானுக்கு ஊற்றவும் மற்ற வீடுகளில் தோட்டத்து மருந்து கொஞ்சமாவது இருக்கும். செல்வி வீட்டில் ஒரு சொட்டு கிடையாது.

கை சுத்தம்தான். வாயைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை டீச்சர் போன் பண்ணி, மௌனிகா தலையில் பேன் இருக்கிறது, பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஏறுகிறது, சுத்தம் பண்ணிவிட்டு அனுப்புங்கள் என்று சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். செல்விக்கோ நடுத்தெருவில் சேலையை உருவியது மாதிரி ஆகிவிட்டது. நேரே நாத்தனார் மாரித்தாய் வீட்டுக்குப் போனாள்.

மாரித்தாய் சுடலைக்கு மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. முட்டி தேய்ந்து வேலைக்குப் போக முடியாமல் போனபின், பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் லீவு நாளும் தம்பி பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் மடி என்றால் உயிர். அவள் வாசலில் நின்று, வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி செல்வி கேட்டாள், அந்த அழுக்குத் தலையணையில் என் பிள்ளையை எதற்குப் படுக்க வைத்தீர்கள் என்று. பெற்றிருந்தால்தானே பிள்ளை அருமை தெரியும் என்றும் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாரித்தாய் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை சுடலை பூப்பாறைப் பக்கம் மருந்தடிக்கப் போய்விட்டான், மறுநாள்தான் வருவான். செல்வி பிள்ளைகளை மாரித்தாயிடம் விட்டுவிட்டு ஏலக்காய் எடுக்கப் போனாள். மத்தியானச் சோறு தின்று முடித்து மறுபடி செடிக்கு அடியில் குந்தியிருந்தபோது, பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் மூச்சு வாங்க ஓடி வந்தார். மௌனிகா விடாமல் வாந்தி எடுக்கிறாள், உடனே வா என்றார்.

இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்க்காமலே ஓடினாள். மௌனிகா அத்தை மடியில் கிடந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்வை. தொடைச் சதை தானாகத் துடித்தது. என்ன தின்றாய் என்று கேட்டதற்குப் பிள்ளை அத்தை முகத்தைத்தான் பார்த்தாள். ரிதன்யா உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தான் பார்த்துக்கொள்வதாக ஏசுரத்தினம் சொன்னார். வாடகை ஜீப் ஓட்டுகிற ஜின்சன் தோட்டத்து ஸ்டோர் வாசலில் வண்டியோடு நின்றதால் உடனே கிளம்ப முடிந்தது.

ஆஸ்பத்திரி வரைக்கும் செல்வி கேள்வி கேட்டபடியே வந்தாள். காளான் கீளான் தின்றாளா, வேலியோரக் கொய்யாவைக் கழுவாமல் கொடுத்தீர்களா, பைப்புத் தண்ணீரையே குடிக்க விட்டீர்களா என்று ஒன்று மாற்றி ஒன்று. மாரித்தாய் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். வளைவுகளில் பிள்ளையின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செல்வி, உங்களை நம்பி விட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றாள். மாரித்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததுமே முகம் மாறியது. கருவிழிக்குள் கண்பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இது விஷம், பூச்சிமருந்து மாதிரி இருக்கிறது, வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். செல்விக்கு அந்த நேரத்திலும் ரோஷம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் மருந்தே வராது டாக்டர், என் புருஷனே குளிக்காமல் உள்ளே வர மாட்டார் என்றாள். டாக்டருக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. ஊசி போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். உடுப்பை மாற்றி உடம்பை முழுக்கத் துடைத்தார்கள். தலை மட்டும் எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, இறுக்க இரட்டைச் சடை பின்னி, பார்க்க லட்சணமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எச்சில் நின்றது, மூச்சும் சீரானது. செல்வி தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கவில்லை, அதற்குள் பிள்ளை வாயில் நுரை தள்ளியது.

டாக்டர் வெளியே வந்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை, ஆனால் விஷம் எங்கிருந்தோ இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றார். போடிமெட்டு வழியாகத் தேனிக்கு அனுப்பலாம் என்றால் இந்த மூச்சோடு பிள்ளை மலை இறங்கத் தாங்காது. என்ன பட்டது, எங்கே பட்டது என்று தெரிந்தே ஆக வேண்டும், நன்றாக யோசியுங்கள் என்றார்.

செல்விக்கு யோசிக்க மூளை ஓடவில்லை. பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து நெற்றியில் முத்தம் வைத்தாள். தேங்காயெண்ணெய் வாசனை. அதற்குக் கீழே இன்னொன்று. மூக்கை வகிட்டில் வைத்து இழுத்தாள். எத்தனை சட்டைகளில், எத்தனை கைலிகளில் அவள் மோந்து பார்த்துத் தூக்கி வெளியே எறிந்த நாற்றம்.

சடையைப் பிய்த்துப் பிரித்தாள். மண்டைத்தோல் செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. சிஸ்டர், தலையில் இருக்கு, தலையில் இருக்கு என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி கத்தரியால் முடியை வெட்ட, இன்னொருத்தி சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க, பிள்ளையைச் சுற்றி இடமில்லாமல் போனது. செல்வியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

மாரித்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேனுக்கு அந்தக் காலத்தில் லயத்தில் அதுதான் வைத்தியம். தோட்டத்து மருந்தை எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்துத் துணியால் கட்டி வைப்பார்கள், ஒரே நாளில் பேனும் ஈரும் கொட்டிப்போகும். மாரித்தாய்க்கே அவள் அம்மா வைத்திருக்கிறாள். அப்போது தப்பித்தோம் என்பதுதான் அந்த வைத்தியத்துக்கு அத்தாட்சி. அது எல்லாம் செல்விக்குத் தெரியும். தன் வீட்டுப் படியேறாத சனியன் அடுத்த வீட்டில் பிள்ளையின் தலையிலேயே ஏறும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

கை ஓங்கிவிட்டது. வாயில் என்னென்னவோ வந்து நின்றது, அவ்வளவும் கொலைக்குச் சமமான வார்த்தைகள். அப்போதுதான் கவனித்தாள். மாரித்தாய் அவளையும் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்கள் இறங்கி வந்த ரோட்டை. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இவளிடம் இன்னும் ஒன்று இருக்கிறது, இப்போது திட்டினால் அது வெளியே வராது என்று செல்விக்குப் பட்டது.

ஓங்கிய கையை இறக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் அவள் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

"மதினி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இன்னும் என்ன இருக்கு, சொல்லுங்க."

மாரித்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவளுக்கும் வச்சேன் செல்வி. மிச்சம் இருந்தத வச்சேன். அவ தூங்கல... அது தூக்கமில்லன்னு இப்பத்தான் புரியுது. வண்டியிலயே சொல்ல வந்தேன். உன் வாய்க்குப் பயந்து..."

லயத்தில் ரேஞ்சு எப்போதாவதுதான் கிடைக்கும். ஏசுரத்தினத்துக்குப் போன் அடித்துப் பார்த்தாள், போகவில்லை. உள்ளே ஒருத்தி, மேலே ஒருத்தி. எவளை விட்டு எவளிடம் போவது என்று பெற்றவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள். கதவு திறந்து சிஸ்டர், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார். செல்வி மாரித்தாயை எழுப்பி உள்ளே அனுப்பினாள். விஷம் வைத்த கைதான். வேறு கை இல்லை.

ஜின்சன் ஒன்றும் கேட்காமல் ஜீப்பை விரட்டினான். மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது. மற்ற நாளாக இருந்தால் செல்வி அந்த டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். இன்று இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். லாரி பின்னால் போய் வழிவிட்டது.

ஏசுரத்தினம் படியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை அயர்ந்து தூங்குகிறது, எழுப்ப மனசு வரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். செல்வி அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். ரிதன்யாவின் தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. நெஞ்சில் களகளவென்று சத்தம். தட்டினாள், கண் திறக்கவில்லை. குடத்துத் தண்ணீரும் சோப்பும் கத்தரியும் எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டு ஜீப்பில் ஏறினாள். ஓடுகிற ஜீப்பிலேயே முடியைக் கொத்துக் கொத்தாக வெட்டி வெளியே எறிந்தாள், தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். மூச்சு விடுடி, மூச்சு விடுடி என்று மலை இறங்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை மூச்சு நின்றது மாதிரி இருந்தது. செல்வி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை இருமியது.

பொழுது சாயும்போது இரண்டு மொட்டைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தன. இருவரும் மூச்சு விட்டார்கள். பெரியவள் தப்பித்துவிட்டாள் என்றும், சின்னவளை இன்னும் கொஞ்சம் தாமதித்துக் கொண்டுவந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் டாக்டர் சொன்னார். நாளை வரைக்கும் பார்க்க வேண்டும். விஷக் கேஸ் என்பதால் போலீஸ் வந்து விசாரிப்பார்கள், யார் வைத்தது என்று கேட்பார்கள் என்றும் சொன்னார்.

மௌனிகா கண் விழித்தாள். குழாய் போட்ட தொண்டை கரகரத்தது. செல்வி அவள் மொட்டையைத் தொடப் பயந்து, காதோரம் தடவினாள்.

"தலை எரிஞ்சிச்சாடா கண்ணு?"

"ரொம்ப எரிஞ்சிச்சும்மா."

"அம்மா வந்து கேட்டேன்ல. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அத்தையத் திட்டுவ."

செல்வி கிருமிக்குப் பயந்தாள், தண்ணீருக்குப் பயந்தாள், மருந்துக்குப் பயந்தாள். தன் பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்காமல் அழுதாள்.

மாரித்தாய் வார்டு வாசலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் மேல் செல்விக்கு ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. இந்த ஜென்மத்தில் குறையுமா என்றும் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகள் தேறி வீட்டுக்குப் போன பிறகு, தான் காய் எடுக்கப் போனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பொம்பளையை விட்டால் வேறு நாதி இல்லை. அவள் இனி எதைச் செய்தாலும் தன்னிடம் பயமில்லாமல் வந்து சொல்ல வேண்டும்.

"மதினி, உள்ள வாங்க."

குரல் பழக்கதோஷத்தில் அதட்டலாகத்தான் வந்தது. மாரித்தாய் அசையவில்லை. செல்வி எழுந்து வாசல்வரை போனாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் மெதுவாகக் கூப்பிட்டாள்.