அழுக்குத் துணி கேட்டு வந்தவள்

கிருமி வளர்க்கும் இருபத்திரண்டு பெட்ரி தட்டுகளும் பளிச்சென்று இருந்தன. முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாய்ப் பாடுபடும் அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பெரிய சமையற்கூடங்களில் மேசையும் கையும் துடைக்கிற துணியில் எவ்வளவு கிருமி தங்குகிறது என்பதுதான் அவள் ஆய்வு. துணியில் ஒரு துண்டு வெட்டி, உப்புநீரில் குலுக்கி, அந்த நீரைத் தட்டிலிருக்கும் சத்துக்கூழின் மேல் தடவி வைத்தால், கிருமிகள் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டும். ஒரு புள்ளிகூடக் காணோம்.

"இது சமையலறையா, ஆபரேஷன் தியேட்டரா?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். "எல்லாம் துவைச்சுக் குடுத்திருக்காங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள நிஜமான துணி வரலேன்னா இன்னொரு வருஷம் இழுத்துடும்."

யாரும் ஏமாற்றவில்லை, அதுதான் சங்கடம். படிக்கிற பெண் கேட்டு வருகிறாள், அவளிடம் போய் அழுக்கையா நீட்டுவது என்று சமையல்காரர்கள் ஆளாளுக்கு வெளுத்து மடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் இஸ்திரிகூடப் போட்டிருந்தார். இந்த அன்போடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டில் புலம்பியபோது கணவன் அடுப்படித் துணியை எடுத்து அவள் மேல் எறிந்தான்.

"இந்தா, இதை வெச்சுப் பாரு."

"நம்ம வீட்டுதா? நான் கிருமியப் பத்திப் படிக்கிறவ!"

"அந்தத் தைரியத்துலதான் நீ துவைக்கிறதே இல்ல."

இரண்டு நாள் கழித்து அந்தத் துணிக்கான தட்டைப் பார்த்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கிருமிப் புள்ளிகள் எண்ணவே முடியாதபடி மொய்த்துக் கிடந்தன. அப்புறம் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கடவுளே, நல்ல வேளை காட்டிக்கொடுத்தாய் என்று கும்பிட்டாள். தட்டைச் சமையற்கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. மூடியபடியே போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரியைப் பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இவளைக் கண்டதும் அலமாரியைத் திறந்தார்.

"இந்தா கண்ணு, நேத்து வாங்கினது. இன்னும் தண்ணியே படல."

"வேணாங்கக்கா. முதல்ல இதைப் பாருங்க."

"அய்யய்யோ! யாரு வீட்டுக் கண்றாவி இது?"

"எங்க வீட்டுதுதான்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நுரைக் கையோடு ஓடிவந்தாள். காய் நறுக்கியவள் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"டாக்டருக்குப் படிக்கிறவ வீடே இந்த லட்சணமா! அப்ப நாம எவ்வளவோ தேவலை!"

"அது எப்படித் தெரியும்? துணியைக் குடுத்தாத்தானே?"

பெரியக்கா குரலைத் தாழ்த்தினார். "மேனேஜருகிட்ட போட்டுக் குடுத்துட மாட்டியே?"

"பேரே எழுத மாட்டேன்க்கா. வெறும் நம்பர்தான்."

அவர் காலையிலிருந்து தோளில் கிடந்த துணியை உருவி அவள் நீட்டிய பையில் போட்டார். நம் அழுக்கை முதலில் காட்டிவிட்டால் எதிரே நிற்பவருக்குப் பயம் விட்டுப்போகிறது. அவ்வளவு எளிய விஷயம், அன்றுதான் அவளுக்குப் பிடிபட்டது. பெரியக்கா அதோடு நிற்கவில்லை. மற்ற சமையற்கூடங்களுக்கெல்லாம் அவரே போன் போட்டார். "துவைக்காம குடுடீ. நம்ம புள்ளதான், வெட்கப்படாதே!"

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் தட்டுகளெல்லாம் பூத்துக் குலுங்கின. சேதி கேட்டுப் பெரியக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். பேராசிரியர் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.

"என்ன அழகா இருக்குதுங்க, பாவிங்க!" என்று தட்டை உற்றுப் பார்த்தார் பெரியக்கா. "சரி, இதுங்களை எப்படி ஒழிக்கிறது?"

"தினமும் துணியைப் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு, நல்லாக் காயப் போடுங்கக்கா."

"அவ்வளவுதானா?" பெரியக்கா நிமிர்ந்தார். "இதுக்கா மூணு வருஷம் படிச்சே?"

முதலில் சிரித்தது பேராசிரியர்தான்.