குருவம்மாள் காத்தாடி

மனிதகுலம் இனிப் பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் காற்றின் காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பேருண்மையை விருதுநகர் மாவட்டத்தில் முதலில் உணர்ந்தவர் எம். புதுப்பட்டி லட்சுமிகாந்தம். உணர்ந்தது 2008 மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். மாதம் முடிவதற்குள் ஒரு காற்றாலை வாங்கிப் போட்டால் வருமான வரி நன்றாக இளைத்துவிடும் என்று ஆடிட்டர் சொன்னது வியாழக்கிழமை.

அவருடைய பட்டாசுக் கம்பெனி கரண்டு குடித்து வளர்ந்ததில்லை. வெடிமருந்து புழங்கும் ரூம்களுக்குள் வயரே போகக் கூடாது. விடிந்தால் வேலை, வெளிச்சம் மங்கினால் வீடு. ஆபீஸில் இரண்டு ஃபேனும், விருந்தாளிகளுக்குக் கலர் சோடா வைக்க ஒரு ஃபிரிட்ஜும் உண்டு. அந்த ஃபிரிட்ஜைக் குளிரவைப்பதற்காக, ராதாபுரத்துக்குத் தெற்கே கடல் கண்ணுக்குத் தெரிகிற செம்மண் காட்டில், விற்பவர்களே நட்டுத் தயாராக வைத்திருந்த காத்தாடி ஒன்று அவர் பேருக்கு மாறியது.

அவர் பேர் பத்திரத்தில்தான். கோபுரத்தில் ஆளுயர எழுத்தில் அவர் எழுதச்சொன்ன பேர் குருவம்மாள்.

குருவம்மாள் அவருடைய தாயாருமில்லை, மனைவியுமில்லை. ஏழாம் நம்பர் ரூமில் மருந்து சலித்தவள். இரண்டு வருஷத்துக்கு முந்தின சீசனில் அந்த ரூம் வெடித்தபோது உள்ளே அவள் மட்டும் இருந்தாள். பின்வாசல் வழியாக ஓடியிருக்கலாம். ஆனால் பின்வாசலை அடைத்து வெளியே லோடு அடுக்கியிருந்தது. அடுக்கச் சொன்னது யார் என்று விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. லட்சுமிகாந்தமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் ஆர்டர் அதிகம். ஏழாம் நம்பரை மறுபடி கட்டி வெள்ளையடித்தாயிற்று. இந்தத் தடவை லோடு அடுக்குகிற சிரமம்கூட வேண்டாமென்று பின்வாசலைச் சுவராகவே எழுப்பிவிட்டார்கள். ஆனால் உள்ளே போக ஆளில்லை. பூட்டிய ரூமுக்குள் சல்லடை ஓடுகிறது என்றார்கள். சர், சர் என்று கொஞ்ச நேரம். பிறகு விளிம்பில் டக், டக் என்று இரண்டு தட்டு. குருவம்மாள் அப்படித்தான் தட்டுவாள்.

செத்தவளுக்கு மரியாதை, இருப்பவர்களுக்குச் சமாதானம், வரிக்கு வழி என்று லட்சுமிகாந்தம் மூன்றையும் ஒரே கம்பத்தில் ஏற்றினார். தொழிலாளர்களைக் கூட்டிவைத்து, தீயில் போன ஆத்மா இனிமேல் காற்றாய்ச் சுற்றி நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார். தழுதழுப்பு அடங்கியதும் இன்னொன்றையும் அறிவித்தார். சித்திரை பிறந்ததும் ஏழாம் நம்பர் திறக்கப்படும். முதல் ஆளாக உள்ளே போகப்போவது குருவம்மாள் மகள் வேல்விழி. மகளே போய்விட்டால் மற்றவர்கள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பார்கள்?

திரி வெட்டிக்கொண்டிருந்த வேல்விழி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எங்கம்மா கடலே பாத்ததில்ல மொதலாளி. அவ பேரு அங்கன எதுக்கு?"

"அது பெருமை, தாயி."

"உள்ள போகச் சொன்னா போறேன். பின்னால ஒரு வாசல் மட்டும் விட்டுக் குடுங்க."

சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார். சீசன் முடிவது தீபாவளிக்கு.

காத்தாடியின் திறப்பு விழா பங்குனிக் கடைசியில் நடந்தது. அன்று காலை கம்பெனியிலேயே விழா மலருக்கு ஒரு போட்டோ எடுத்தார்கள். தலைப்பு 'தொழிலாளர் தோழன்'. அலுமினியப் பவுடர் தட்டில் வலது கையை முக்கி, சாமி அருள் பாலிக்கிற மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னார் போட்டோக்காரர். மருந்து ரூமுக்குள் உலோகம் ஆகாது, மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று போர்மேன் மாரிசாமி கேட்டுப் பார்த்தான். மோதிரம் இல்லாமல் போட்டோவா என்று லட்சுமிகாந்தம் சிரித்தார். போட்டோ பிரமாதமாக வந்தது.

அங்கிருந்து நேரே காரில் கடற்கரைக்கு. அன்றைக்கு அவர் போட்ட உத்தரவுகளுக்குக் கணக்கில்லை. மைக் நிற்கக் கூடாது, பந்தியில் பாயசம் நிற்கக் கூடாது, எதுவுமே எங்கேயும் நிற்கக் கூடாது. எதுவும் நிற்கவில்லை. கோபுரக் கதவருகே தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்தியதும் குருவம்மாள் மூன்று இறக்கைகளையும் விரித்துக் கம்பீரமாகச் சுற்றினாள். கடலோர மக்களின் நீடித்த வளர்ச்சி பற்றி லட்சுமிகாந்தம் நீடித்துப் பேசினார். அந்தக் கடலோரத்துக்குக் கிடைத்த வளர்ச்சி, ஆடு போகிற பாதையில் ஒரு கம்பிவேலி.

சித்திரை பிறந்தது. ஏழாம் நம்பரைத் திங்கட்கிழமை திறப்பதாக முடிவாயிற்று. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பசுமைத் தொழிலதிபர் விருதுக்குக் காத்தாடியின் படம் வேண்டும் என்று ஒரு சங்கத்திலிருந்து கேட்டார்கள். லட்சுமிகாந்தம் மாரிசாமியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கார் கதவைத் திறந்ததும் முதலில் உறைத்தது வெயில் இல்லை, சத்தமின்மை. கடல் ஈயம் காய்ச்சி ஊற்றினதுபோல் கிடந்தது. பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை வரிசையாகக் காத்தாடிகள், ஆணியடித்து மாட்டினதுபோல் அசையாமல் நின்றன.

ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மாரிசாமி பேர் எழுதியிருந்ததைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"மொதலாளி, நம்மது மட்டும் சுத்துதே."

"மேல காத்து இருக்கும்ல."

"பக்கத்துல நிக்கதுக்கும் அதே மேலதான."

மாரிசாமி குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி, கையை உயர்த்தி, விரல் இடுக்கு வழியாக விட்டான். மண் நூல் பிடித்தாற்போல நேராக அவன் காலடியிலேயே விழுந்தது.

வேலியோரம் ஆடுகள் நின்றன. எல்லாக் கோபுரத்துக் காலடியிலும் துளி நிழல் இருந்தது. அங்கெல்லாம் ஆடுகள் ஒண்டிப் படுத்திருந்தன. குருவம்மாள் நிழலுக்கு மட்டும் ஓர் ஆடும் வரவில்லை. அந்த நிழல் படுக்கவில்லை. சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்ததால் இறக்கை நிழல் தரையில் வட்டமடிக்காமல், நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி, யாரோ கையை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. ஒரு தடவை அது லட்சுமிகாந்தத்தின் கால்விரலைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

காத்தாடியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நவ்ஷாத்தைக் காணோம். போன் அடித்தது, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பான் என்பது மாரிசாமிக்குத் தோன்றியது. முதலாளிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புக் கதவும் அதற்கு ஏறிப்போக நாலைந்து படியும் இருந்தன. படி ஏறியபோதுதான் இருவரும் கவனித்தார்கள்: செருப்பைக் கீழேயே கழற்றி விட்டிருந்தார்கள். மருந்து ரூமுக்கு அப்படித்தான் போவது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

சர், சர், சர். சல்லடை ஆடுகிற அதே நிதானம். கொஞ்சம் நின்றது. பிறகு டக், டக்.

மாரிசாமி இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நடுவே வாழ்கிறவன். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து லட்சுமிகாந்தம் ஒரு படி கீழே இறங்கினார். மருந்து ரூம் வாசலில் பதித்திருக்கும் தாமிரத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போவது அங்கே வழக்கம். அந்தப் பழக்கத்தில் மாரிசாமியின் கை தன்னால் கதவுப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது.

வெள்ளைப் பெயின்ட் அடித்த கதவில், நெஞ்சுயரத்தில், ஒரு கை ஏற்கெனவே பதிந்திருந்தது. அலுமினியப் பவுடர்க் கை. வெள்ளி நிறத்தில் ஐந்து விரலும் வெயிலில் மினுங்கின.

"அவளுக்குக் கை எப்பவும் இப்பிடித்தான் இருக்கும்" என்றான் மாரிசாமி, மெதுவாக. "சோத்துலயும் மினுங்கும்பா."

உள்ளே டக், டக்.

திரும்பி வரும்போது கோவில்பட்டி தாண்டியதும் லட்சுமிகாந்தம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, பின்வாசல்ல லோடு அடுக்கச் சொன்னது நான்னு அவளுக்குத் தெரியுமால?"

"நீங்க கத்துன கத்து ஊருக்கே கேட்டுச்சு மொதலாளி" என்றான் மாரிசாமி.

சனியும் ஞாயிறும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கரண்டு போன நேரத்தில் வீட்டு ஃபேன் தன் கதியில் இன்னும் இரண்டு சுற்று சுற்றி நின்றது. அதைப் பார்த்து எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டம்மா சமையலறையில் மாவு சலித்ததற்கு ஒரு சண்டை வந்தது.

திங்கட்கிழமை வேல்விழி தலைக்குக் குளித்து வந்திருந்தாள். ஏழாம் நம்பர் வாசலில் பூசைக்குத் தேங்காய் இருந்தது. ஐயரைக் காணோம். கொத்தனாரும் கடப்பாரையும் வந்திருந்தார்கள். லட்சுமிகாந்தம் ரூமைக் காட்டி, தரையோடு தரையாக்கச் சொன்னார். பின்சுவரில் முதல் அடியைப் போடச் சொன்னதும் அவர்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பசுமை என்றார். அங்கே வேப்பங்கன்று நட்டு, 'சுற்றுச்சூழல் பூங்கா' என்று பலகை வைத்தார்கள். மற்ற எல்லா ரூம்களின் பின்வாசலிலும் லோடு அடுக்கக் கூடாது என்று மஞ்சள் பெயின்டில் எழுதச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

விருது கிடைத்தது. சங்கத்தார் பூங்காவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த இடத்தில் ரூம் கட்டுவதைப் பற்றி யாரும் நினைக்கவும் முடியாது.

ஆடி மாதம் தொழிலாளர்களை வேன் வைத்துக் காத்தாடி பார்க்கக் கூட்டிப்போனார். வேல்விழி அம்மா பேரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவள் கேட்டு மறுக்க இப்போது அவருக்குப் பயம். கடற்காற்று ஆளைத் தள்ளியது. எல்லாக் காத்தாடியும் சுற்றின. கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிய குருவம்மாளைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நவ்ஷாத்தைத் தனியாக ஓரம்கட்டி, காற்றே இல்லாத நாளில் இது சுற்றியதே, நீ பார்த்திருக்கிறாயா என்று ரகசியமாகக் கேட்டார். ரகசியம் காற்றில் எல்லோர் காதுக்கும் போனது.

நவ்ஷாத் முழித்தான்.

"திறப்பு விழாவுக்குக் காத்து இல்ல, எப்பிடியாச்சும் சுத்தணும், நிக்கவே கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. லைன் கரண்டை உள்ள விட்டு மோட்டாராட்டம் ஓட்டுனேன். காத்து வார வரைக்கும் ஓடுச்சு. நிறுத்துன்னு நீங்க சொல்லலயே."

சல்லடைச் சத்தத்தைப் பற்றியும் கேட்டார். உள்ளே கேபிள் ஒன்று லூசாகிக் கோபுரத்தில் உரசியது, ரிலே சுவிட்ச் விட்டு விட்டு அடித்தது, இரண்டையும் சரிபண்ணியாயிற்று என்றான். கரண்டு எல்லாம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக் கரண்டு. நிலக்கரி எரித்து எடுத்தது. அந்த மாதத்து பில்லை ஆடிட்டர் செலவில் எழுதி ரொம்பச் சந்தோஷப்பட்டதாகவும் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. மாரிசாமி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அப்ப அந்தக் கை?" என்றார் லட்சுமிகாந்தம். குரல் உயர்ந்திருந்தது. ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

நவ்ஷாத்துக்கு அது தெரியாது. விழா முடிந்த நாளிலிருந்தே கதவில் இருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை என்றான்.

வேல்விழி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிப் போயிருந்தாள். கதவில் இருந்த கையைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளி வெளியே தெரிந்தது. கையை எடுத்துவிட்டு இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"மொதலாளி, மருந்து ரூமுக்குள்ள எங்கம்மா ஒரு குண்டூசிகூடக் குத்திட்டுப் போனதில்ல."

அந்தத் தடத்தில் மோதிர விரலின் அடியில், ஒரு மோதிர அகலத்துக்குப் பவுடர் படாமல் இருந்தது. லட்சுமிகாந்தத்தின் மோதிரம் அகலமானது.