சித்தோக்கியும் சிச்சோக்கியும்

பழைய பாட்டுக்கு இந்த நாட்டில் 'ஜிலிபெண்ட்வா' என்று பேர். நேசிக்கப்பட்டவை என்று அர்த்தம். அந்தப் பேரைக் கேட்டாலே சொமோயேவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நேசிக்கப்பட்டவையாம்! செத்தவங்களைச் சொல்ற மாதிரி. நான் இன்னும் உயிரோட பணியாரம் சுட்டுக்கிட்டுதானே இருக்கேன்?" என்பாள்.

அந்த வியாழக்கிழமைக் காலையும் சுட்டுக்கொண்டுதான் இருந்தாள். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்ட அரிசி மாவு குழிச்சட்டியில் உப்பிக்கொண்டிருந்தது. தாங்கா ஊரில் அவள் கைப் பணியாரத்துக்கு வரிசை நிற்கும். அன்றைக்கு வரிசையில் முதல் ஆள் பக்கத்து வீட்டுத் துனு. துனு எப்போதும் முதல் ஆள்தான், வாங்குவதிலும் சரி, வம்பிலும் சரி.

வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கிப்வானா. உள்ளூர் வானொலியில் சனிக்கிழமை மத்தியானம் பழைய பாட்டு ஒன்றையும், அதையே இப்போதுள்ளவர்கள் பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டு, எது உசத்தி என்று ஊரைக் கேட்கிறவன். இன்னொருவன் முஷி, டப்பாவில் அடைத்த சக்தி பானம் விற்கும் கம்பெனிக்காரன். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, சிரிப்பிலும் இல்லை.

"சொமோயேம்மா, உங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு," என்றான் கிப்வானா. "இந்தச் சனிக்கிழமை உங்க பாட்டுதான். ஸ்டூடியோவுல இல்ல, டவுன் ஹால்ல, நேரடியா. ஷாபியே டார் எஸ் சலாம்லேர்ந்து வந்து பாடறான்."

ஷாபியைத் தெரியாதவர்கள் யார்? மூன்று மாதமாக ஒவ்வொரு மினிபஸ்ஸிலும் அவன் குரல்தான். 1985-இல் சொமோயே மாவேனி ஜாஸ் என்கிற உள்ளூர்க் கோஷ்டியில் பாடிய பாட்டை எடுத்துப் புதுசாகப் பாடியிருந்தான். பாட்டின் பேர் 'சிச்சோக்கி'. எனக்குச் சலிக்காது என்று பொருள். உன்னைக் கொஞ்சிக் கொஞ்சி எனக்குச் சலிக்காது, களைக்காது என்று குழைந்து குழைந்து பாடுவான். முஷியின் கம்பெனி அந்த வார்த்தையை அப்படியே தூக்கி டப்பாவில் அச்சடித்துவிட்டது. குடி, சிச்சோக்கி!

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறோம்மா," என்றான் முஷி. "ரெண்டு பாட்டும் போட்டு முடிச்சதும், நீங்க மேடைக்கு வந்து மைக்ல 'ஆமா, என் பாட்டும் சிச்சோக்கிதான்'னு ஒரு வார்த்தை சொல்லிடணும். ஏன்னா, ஊருக்குள்ள ஏதோ வேற மாதிரி பேச்சு அடிபடுது."

"வேற மாதிரி இல்ல, சரியான மாதிரி," என்று துனு குறுக்கே விழுந்தாள். "பாட்டு சித்தோக்கி. 'த்தோ'. நான் வெளியே போக மாட்டேன்னு அர்த்தம். காதுல என்ன, பஞ்சா?"

"டேப்புல தெளிவா 'ச்சோ'ன்னுதானேம்மா இருக்கு? டேப் அட்டையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு," என்றான் முஷி.

துனு வாயைத் திறந்தவள், சொமோயேவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். முஷி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போல. குனிந்து குரலைத் தணித்து, "இன்னொண்ணு. தப்பா நினைக்காதீங்க. மேடையில போட்டோ எடுப்பாங்க. உங்களுக்கு முன்பல் ஒண்ணு இல்லையே... நாளைக்கே நல்ல டாக்டரைப் பார்த்துக் கட்டிக் குடுத்துடறோம். எங்க அன்பளிப்பு," என்றான்.

சொமோயே கம்பியால் ஒரு பணியாரத்தைப் புரட்டிப் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தம்பி, இந்த ஓட்டை என் வீட்டுப் பத்திரம். இதை அடைக்க விட மாட்டேன். ஹாலுக்கு வரேன். என்ன சொல்றதுன்னு அங்க வந்து சொல்றேன்."

முஷிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருகிறேன் என்று சொன்னாளே, அது போதும் என்று நான்கு பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவனுக்கு விளங்காதது உங்களுக்கு விளங்க வேண்டும். சொமோயேவுக்கு இருபத்தொரு வயதில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இத்தா இருந்தாள், புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் துக்க காலம். நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டவில்லை. "வெளியே வராதே, குடும்ப மானம்," என்று காவல் நின்றவன் புருஷனின் அண்ணன் கொம்போ. அந்தக் கணக்கு முடிந்த மறுநாள் விடியற்காலை, அதே கொம்போ அவளுடைய சட்டி பானையை எல்லாம் அள்ளித் தெருவில் எறிந்தான். "இத்தா முடிஞ்சுது. தோக்கா! வெளியே போ!" என்றான். வீடு தம்பியுடையது, தம்பி போனால் தனக்கு என்பது அவன் நியாயம். நாசமாய்ப் போன நியாயம்.

வாசற்படியில் நின்று, தெருவே கேட்க, அவள் ஒரே வார்த்தை சொன்னாள். சித்தோக்கி. போக மாட்டேன்.

அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவன் விட்ட குத்தில் முன்பல் போனது. அதைத் தெரு பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் மாவேனி ஜாஸ் டார் எஸ் சலாமுக்குப் போய்ப் பாட்டுப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வீங்கின வாயோடு பஸ் ஏறினாள். அந்த ஒற்றை வார்த்தையை வைத்து வழியெல்லாம் பாட்டுக் கட்டினாள். கோரஸ் இல்லை, கிட்டாரும் அவள் குரலும் மட்டும். 'த' சொல்ல நாக்கு பல்லைத் தொட வேண்டுமே! பல் இல்லை. நாக்கு வழுக்கி மேலே போய் ஒட்டிக்கொண்டது. சிச்சோக்கி என்று விழுந்தது. காதில் விழுந்ததைப் பதிவுக்காரர் எவரோ அட்டையில் எழுதிவைத்துவிட்டார். தாங்காக்காரர்களை அது ஏமாற்றவில்லை. வாசலில் அவள் சொன்னதைக் கேட்ட தெரு இது. மாவேனி ஜாஸ் எங்கே வாசித்தாலும் கூட்டம் அழுத்தம் திருத்தமாக 'த்தோ' போட்டுத்தான் கூடப் பாடியது.

பாட்டு வானொலியில் வந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. கூடி உட்கார்ந்து பேசி வீட்டை அவளுக்கே விட்டார்கள். ஒரு நிபந்தனை. பல் கதை வெளியே வரக்கூடாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்க இருந்த மிச்சப் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளும் முப்பத்தெட்டு வருஷம் கிணற்றடி என்றே சொன்னாள். கொம்போ இப்போது ஊரில் பெரிய மனுஷன். தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பான். அதுதான் அவளுக்குத் தாங்காது.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே நான் அவள் பேச்சைப் பல் வைத்து எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் அவள் வாயிலிருந்து ஒவ்வொரு 'த'வும் 'ச'வாகத்தான் விழும்.

வீடு கிடைத்தது, பல் போனது, உண்மையையும் வாய்க்குள்ளேயே பூட்டியாயிற்று. அவளுக்கென்று வெளியே மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் டப்பாவில் அடைக்கக் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. கதவருகேகூட ஆட்கள் நெரித்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியுமாகக் கொம்போ. ஊர்ப் பிரமுகர் அல்லவா, மாலை மரியாதை இல்லாமல் நடக்குமா! இரண்டாவது வரிசையில் சொமோயேவும் துனுவும். "அத்தை, உங்க கை சில்லுனு இருக்கு," என்றாள் துனு. "வாய் சூடாத்தான் இருக்கு," என்றாள் சொமோயே.

முதலில் ஷாபி பாடினான். பொய் சொல்லக்கூடாது, நல்ல குரல். அவள் இளமையில் பாடியதைவிட நல்ல குரல் என்று சொமோயேவே மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். மெட்டைக் கெடுக்கவில்லை. மெஷின் தாளம் மட்டும் தொம்மு தொம்மு என்று நெஞ்சில் மிதித்தது. ஆனால் மூன்றாவது சரணத்தைக் காணோம். 'தெருவில் எறிந்த என் பானைக்கு உள்ளே வரும் வழி தெரியும்' என்கிற சரணம். காதல் பாட்டில் பானைக்கு என்ன வேலை? அந்த இடத்தில் இரண்டு பெண்கள் ஊ ஊ என்று இழுத்தார்கள். இளவட்டமெல்லாம் எழுந்து ஆடியது. சிச்சோக்கி, சிச்சோக்கி!

பிறகு டேப்பைப் போட்டார்கள். கரகரவென்று மழை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கிட்டார், அப்புறம் அவள். தாளத்துக்கு அரை அடி முன்னாலேயே குரல் வந்து நின்றது, கதவை யாரும் சாத்துவதற்குள் காலை உள்ளே வைக்கிறவள் மாதிரி. ஆடிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வயதான பெண்கள் சிலர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கிப்வானா மைக்கைப் பிடித்தான். "பழசு பழசுதான், மறுக்கல. ஆனா உச்சரிப்பு கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு இல்லையா? நம்ம ஷாபி கண்ணாடி மாதிரி சொல்றான். சரி, பாடினவங்களையே கேப்போம். வாங்கம்மா! பாட்டோட பேரைச் சொல்லுங்க."

சொமோயே மேடை ஏறினாள். மைக்கை வாங்கினாள். முப்பத்தெட்டு வருஷத்துக் கோபத்தையும் திரட்டிச் சொன்னாள்.

"சிச்சோக்கி."

பாவி நாக்கு! முஷி துள்ளிக் கைதட்டினான். "பாத்தீங்களா? அவங்க வாயாலயே வந்துடுச்சு!" இளவட்டம் விசிலடித்தது. கொம்போகூடப் புன்னகையோடு இரண்டு தட்டுத் தட்டினான்.

அந்தப் புன்னகைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"இருங்க!" என்றாள். ஹால் அடங்கியது. "சுனு! எழுந்திரு!"

துனு விருட்டென்று எழுந்தாள்.

"உன் பேர் என்ன?"

"துனு!" தொண்டை கிழியக் கத்தினாள். "து! துனு! பொறந்ததுலேர்ந்து துனு! இந்த ஊர்ல என்னைச் சுனுன்னு கூப்பிடற ஒரே வாய் இந்த வாய்தான்!"

ஹால் கொல்லென்று சிரித்தது. டார் எஸ் சலாமிலிருந்து வந்தவர்கள் மட்டும் திருதிருவென்று விழித்தார்கள்.

"புரிஞ்சுதா தம்பி?" என்று சொமோயே ஷாபியைப் பார்த்தாள். "நான் சொன்னது வேற, உன் காதுல விழுந்தது வேற. உன்மேல தப்பில்ல."

"டேப்பைக் கேட்டுத்தான் அத்தை எழுதினேன்," என்றான் ஷாபி. அவன் முகம் செத்துப்போயிருந்தது. "பானைச் சரணம் ஏன் வருதுன்னு எனக்குப் புரியவே இல்ல. அதான் எடுத்துட்டேன்."

"புரிய வைக்கிறேன்." உதட்டை விரலால் தூக்கி ஓட்டையைக் காட்டினாள். "இந்தப் பல் எப்படிப் போச்சுன்னு கேளு."

"கிணத்தடியில," என்று யாரோ பின்னாலிருந்து பழக்கத்தில் சொன்னார்கள்.

"கிணறு இல்ல!" மைக் கீச்சிட்டது. "முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கிணத்து மேல பழி போட்டேன். கிணறு என்ன பாவம் பண்ணிச்சு? என் இத்தா முடிஞ்ச மறுநாள் என் பானையைத் தெருவுல எறிஞ்சு, என்னைத் தோக்கான்னு வெளியே தள்ளப் பாத்த கை, நான் மாட்டேன்னதும் கதவைச் சாத்திக்கிட்டு என் வாயில விழுந்துச்சு. அந்தக் கை இப்பதான் எனக்குக் கைதட்டுச்சு. முன்வரிசையில உக்காந்திருக்கு."

 எல்லார் தலையும் பூவேலைத் தொப்பி பக்கம் திரும்பியது.

"மரியாதையாப் பேசு!" என்று கொம்போ எழுந்தான்.  "பெரியவங்க முன்னால ஒத்துக்கிட்டுதானே வீட்டை வாங்கினே? அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா?"

"ஒத்துக்கிட்டேன். பல்லையும் குடுத்தேன், வாயையும் குடுத்தேன். பாட்டைக் குடுக்கல. அதையும் இன்னிக்குக் கேட்டீங்க பாருங்க, அதான் எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன்."

முஷி கிப்வானாவின் காதில் ஏதோ பரபரத்தான். மைக்கை அணைக்கச் சொல்லியிருப்பான். கிப்வானா சுவிட்சுப் பக்கம் ஓர் அடி வைத்தான். அதற்குள் துனு முண்டியடித்து ஏறி அந்தச் சுவிட்சுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள். "வா ராசா, வந்து தொடு பாப்போம்," என்றாள். கிப்வானா அப்படியே பின்வாங்கினான்.

 ஷாபி தனக்கு வாசித்த கிட்டார்க்காரனுக்குத் தலையசைத்தான். மெஷின் தாளம் இல்லாமல், வெறும் கிட்டார். சொமோயே எடுத்தாள், மூன்றாவது சரணத்திலிருந்து. தெருவில் எறிந்த பானை, அதற்குத் தெரிந்த வழி. பல்லவிக்கு வந்தபோது அவள் வாய் 'ச்சோ' என்றது. நூறு பெண்களின் வாய் 'த்தோ' என்றது. சித்தோக்கி! வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த தெருக்களிலும் வாசலுக்கு வந்து பாடினார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

கொம்போ அங்கியைத் திரட்டிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தான். நெரிசல் வழி விட்டது, ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. அவன் நிலைப்படியில் கால் வைக்கும்போது சொமோயே கையை உயர்த்தினாள். ஹால் கப்பென்று நின்றது.

"போறீங்களா மச்சான்?" என்றாள் மைக்கில், நலம் விசாரிக்கிற குரலில். "நல்லபடியாப் போங்க. நான் சிச்சோக்கி."

'ச' என்றுதான் விழுந்தது. ஹாலில் ஒருத்தர் காதிலும் அப்படி விழவில்லை.