ஒற்றைக் குண்டு

"கண்ணாடியக் கழட்டிடட்டுமாம்மா?" என்று மகன் கேட்டதும், கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் முகத்திலிருந்து அவள் முந்திக்கொண்டு தானே கழற்றினாள். உள்ளூரில் தெருவுக்கு ஒரு கடை இருக்க, வெளியூருக்குப் பஸ் ஏறிப் போய் அவர் வாங்கி வந்த கண்ணாடி. எதற்கு அவ்வளவு தூரம் என்று அப்போது கேட்டதற்கு, "அங்க நல்லாப் பாக்கறாங்க" என்று மழுப்பினார். நல்லாத்தான் பார்த்திருப்பார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுபவர்களைப் பேசிப் பேசியே தெளிய வைப்பாராம். வீட்டிலோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அந்த மனிதர்தான் சாயங்காலமானால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பொறு... பொறு... இப்ப விடு!" என்று யாரிடமோ குசுகுசுத்தார். பாய்மரக் கப்பல்கள் பீரங்கிச் சண்டை போடும் கேமாம். பேரன் எடுக்கும் வயதில் யார் காதில் பூச்சுற்றுகிறார்? ஒருநாள் ஹெட்போன் வயர் கழன்று, ஒரு பெண்ணின் சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது. மேசை இழுப்பறையில் பிரிக்காத பெட்டியில், கேம் ஆடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் இரண்டாவதாக ஒன்று வேறு. அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

இப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்று தேம்பினாள். அவளுடைய தோள்பையில் இருந்த கடைப் பெயர்தான் கண்ணாடிக் கூட்டிலும் இருந்தது.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தப் பெண் போகவில்லை.

"யாரு நீங்க?"

"கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றேங்க்கா. அவரும் நானும் ஒரே கப்பல்... கேம்ல. அவருதான் கேப்டன். குண்டெல்லாம் குறி தப்புதுன்னாரு. கண்ணக் காட்டுங்கன்னு நான்தான் வரச் சொன்னேன்."

"கேமா? சரி, வா. காட்டு."

பின்னறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்காரப் போனவளை, "நின்னுக்கிட்டே காட்டு" என்றாள்.

திரையில் கடல் விரிந்தது. தூரத்தில் ஒரு கப்பல். அந்தப் பெண் ஒரே ஒரு குண்டை விட்டாள். அது கப்பலை எட்டாமல் தண்ணீரில் விழுந்தது.

"தப்பிடுச்சே!" கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி இவளுக்கு.

"தப்பினா பரவால்லக்கா. முதல்ல ஒண்ணே ஒண்ணு. எங்க விழுதுன்னு பாத்து, பீரங்கியக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு, அலையில நம்ம கப்பல் மேல வர்றப்ப மிச்சத்த மொத்தமா விடணும். நான் அவசரக்குடுக்கை. கேப்டன்தான் பொறு பொறுன்னு பழக்கினாரு."

சொன்னபடியே காத்திருந்து, மிச்சக் குண்டுகளை மொத்தமாக விட்டாள். எதிர்க் கப்பலின் பாய்மரம் சாய்ந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவள் இழுப்பறையைத் திறந்து பெட்டியை மேசைமேல் போட்டாள். "இது உனக்குத்தானே?"

"எனக்கா? உங்களுக்குக்கா. உங்களையும் கப்பல்ல சேத்துக்கணும்னு ஆசை அவருக்கு. 'போன மாசம் அவகிட்ட ஒத்தக் குண்டு ஒண்ணு போட்டுப் பாத்தேன், ரொம்பத் தள்ளி விழுந்துடுச்சு. பொறுத்துக் கேக்கறேன்'னாரு. என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியாது."

இவளுக்குத் தெரியும். போன மாதம் இவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். "அந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போட்டா இடிக்குமா?"

"யாரு வந்து உக்காரவாம்? கதவு இடிக்கும்" என்று வெட்டிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த நாற்காலியும் எவளுக்கோ என்றுதான் அன்று அவள் நினைத்தாள்.

"உக்காரும்மா" என்று அவருடைய நாற்காலியைக் காட்டினாள். அந்தப் பெண் தலையசைத்து மறுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் போய் ஒன்றை உருவி எடுத்தாள்.

"எண்ணிக் குடுக்கணும்மா, யாருக்கு அது?" என்றான், மயானத்திலிருந்து திரும்பி வந்திருந்த மகன்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னறைக்குள் கொண்டுபோய் அவருடைய நாற்காலியை ஒட்டிப் போட்டாள். பிறகு கதவை மெல்லச் சாத்திப் பார்த்தாள்.

இடிக்கவில்லை.