மூன்றாம் படுக்கைக்குப் போன மாத்திரைகள்

டயாலிசிஸ் மையத்தின் காலை ஆறு மணி ஷிப்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மெஷினில் போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் டிபன் டப்பாவைத் திறந்துவிட வேண்டும். திறந்தால் பக்கத்துப் படுக்கைக்குப் பங்கு போயாக வேண்டும். மர்பி டவுனிலிருந்து வரும் ஜானகி இரண்டாம் படுக்கை. மூன்றாம் படுக்கை ஞானசேகரன், பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். இரண்டு வருடமாக இவள் இட்லியில் பாதி அவருக்கு, அவர் மனைவி அரிசி மாவில் தட்டிக் கட்டித்தரும் அக்கி ரொட்டியில் பாதி இவளுக்கு.

இந்தப் பழக்கம் மாத்திரை வரைக்கும் போனதுதான் வம்பாகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி ஓர் ஆய்வைத் தொடங்கினார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று ஏறிக்கொண்டே போகும். அது ஏறியவர்களுக்கு இதயக் கோளாறும் அதிகம். தினமும் பி வைட்டமின் மாத்திரை கொடுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஜானகியைச் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை நோய் இருந்ததால் ஞானசேகரனை வேண்டாம் என்றுவிட்டார்கள். மனுஷன் அன்று இட்லியைத் தொடவே இல்லை.

"விடும்மா. கண்டம்னு ஓரங்கட்டின வண்டிக்கு யாரு டீசல் போடுவாங்க?" என்றார்.

ஜானகிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது மாத்திரைகளில் பாதியைப் பிதுக்கி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றவரை விடாமல் வற்புறுத்தினாள். வெறும் வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது? இருவரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டார்கள். டாக்டரிடம் கணக்குக் காட்ட வேண்டிய காலி மாத்திரைப் பட்டையை மட்டும் மாதாமாதம் யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். மூன்றாம் படுக்கை கண்ணை மூடிக் கிடந்தது.

"ஜானகியம்மா, மத்தவங்களுக்கெல்லாம் நல்லா எறங்கிடுச்சு. உங்களுக்கு மட்டும் கம்மி. தினமும் போடுறீங்கல்ல?"

"போடுறேன் மேடம்." பொய் தங்குதடையில்லாமல் வந்தது. பேச்சை மாற்றுவதாக நினைத்து, ஞானசேகரனைக் காட்டி, "பாவம், அண்ணாவுக்கும் குடுத்திருக்கலாம்," என்றாள்.

"சர்க்கரையால கிட்னி போனவங்களுக்கு இவ்ளோ டோஸ் கெடுதல் பண்ணலாம். அந்த பயத்துலதான் அவரை சேர்க்கல. அவர் மேல அக்கறை இல்லாம இல்ல."

ஜானகி மூன்றாம் படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதம், தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள். சொன்னால் ஆய்விலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், இத்தனை பேர் முன்னால் மானமும் போகும். ஆனால் ஞானசேகரன் சட்டைப் பையில் இன்னும் எட்டு மாத்திரை இருக்கிறது. அதை நினைத்ததும் மானம் பெரிதாகத் தெரியவில்லை.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். பாதிய அண்ணாவுக்குக் குடுத்துட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மூன்றாம் படுக்கை கண்ணைத் திறந்தது.

"கேட்டு வாங்கினதே நான்தான் மேடம். ஜானகிய ஒண்ணும் சொல்லாதீங்க," என்று கூசாமல் புளுகினார் ஞானசேகரன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என் ஸ்டடியையே பங்கு போட்டுட்டீங்க," என்ற டாக்டர் மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். ஞானசேகரனுக்கு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் எழுதினார்.

சனிக்கிழமை வரை ஜானகிக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை அவர் நீட்டிய ரொட்டியை வாங்கவும் கை வரவில்லை. தன் நல்லெண்ணத்தைத் தானே திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை டாக்டர் நேராக மூன்றாம் படுக்கைக்குப் போனார். "எல்லாம் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் கெடல. இனிமே யாரு என்ன குடுத்தாலும் என்னைக் கேளுங்க."

ஜானகி போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடங்கியதும், "என் பேரை அடிச்சிடுவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"மாட்டேன். மறந்தவங்க, பங்கு குடுத்தவங்க எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாத்தான் நெஜம் தெரியும். நடந்ததை எழுதி வெச்சிட்டேன்."

"இது எறங்கினா ஹார்ட்டுக்கு பயமில்லையா?"

"அது இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாதும்மா. தேடிக்கிட்டே இருக்கோம்." டாக்டர் ஞானசேகரன் பக்கம் திரும்பினார். "சர்க்கரை இருக்கிறவங்களுக்குன்னே தனியா ஒண்ணு ஆரம்பிக்கிறேன். மாத்திரை கெடையாது, ரெண்டு வருஷம் உங்க ரத்தக்குழாயை மட்டும் பார்த்துக்கிட்டே வருவேன். சேர்றீங்களா?"

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

ஞானசேகரன் ஊசி குத்தாத கையால் தலையைக் கோதிச் சட்டைக் காலரைச் சரிசெய்தார், போட்டோ எடுக்கப் போகிறவர்போல. படிவம் வந்ததும் வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. படிவம் வைத்த அட்டையை இரண்டாம் படுக்கைப் பக்கம் நீட்டினார்.

"ரெண்டு வருஷம் இருப்பேன்னு நம்பித்தானம்மா சேர்த்துக்கிறாங்க," என்றார். "நீ ஒரு கையெழுத்துப் போடு."

ஜானகி போட்டாள்.