அரைக்காத கட்டைக்குக் கூலி

என் வீட்டுக்காரர் கோதண்டம் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். இதை நான் புறம் பேசவில்லை, முகத்துக்கு நேராகவே சொல்லுவேன். அவரும் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். மூன்று வருஷமாக எங்கள் சண்டையெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் நிற்கும் மூன்று அடிக்கட்டைகள்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்தக் காலி இடத்தில் முன்பு இரண்டு வேம்பும் ஒரு பூவரசும் இருந்தன. கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட நாலு ரூம் கட்டலாம் என்று ஆள் வைத்து வெட்டினோம். பெரிய வேம்புக்கு அவரே கோடாரி பிடித்தார். அந்த வாரமே எனக்குக் கலைந்துபோனது. நான் உண்டாகியிருந்ததே ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளை வந்த சேதியும் போன சேதியும் ஒன்றாகவே வந்தன. ரூம் கட்டுகிற பேச்சு அத்தோடு நின்றது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வயர் கட்டும் லைனில் வேலை பார்த்தேன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான். நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். ரூம் வந்தால் வாடகை வரும், வாடகை வந்தால் வேலையை விடலாம், வேலையை விட்டால் ஒரு பிள்ளை தங்கும். என் கணக்கு இவ்வளவுதான். அதற்குக் குறுக்கே கட்டைகள் நின்றன.

கேட்டால், "ஜேசிபி வுட்டா செப்டிக் டேங்க் ஒடஞ்சிடும்மே" என்பார். கட்டையை இருந்த இடத்திலேயே அரைத்துத் தூளாக்குகிற மெஷின் வந்திருக்கிறதாமே என்றால், "அவன் கட்டையோட அகலத்த அளந்து துட்டு கேப்பான். கொள்ளை ரேட்டு" என்பார். அவரோடு பேசி மாளாது.

போன தை மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. இதற்கு முன்னாலும் தள்ளிப்போய் ஏமாற்றியிருக்கிறது, அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை. ஆனால் இந்த முறை நின்றுவிட்டால், நான் லைனில் நிற்கக் கூடாது. கட்டைகள் போயே ஆக வேண்டும்.

வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் புருஷன் மரத்தில் கை வைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கே தெரியாத பிள்ளை மரத்துக்கு எப்படித் தெரியும்? மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மாவும் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். அவரும் தலையாட்டினார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

எங்கள் கம்பெனியில் புல்வெளி பராமரிக்கும் காண்ட்ராக்டர் ராஜசேகரிடம் அந்த மெஷின் இருந்தது. மூன்று கட்டைக்கும் ஒன்பதாயிரம், தூளை அள்ளிக்கொண்டு போக ஆயிரம் தனி என்றார். என் சீட்டுப் பணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அவர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் பாதி அரைத்திருக்கும், அப்புறம் கத்தி என்ன பிரயோஜனம்!

அன்றைக்குப் பார்த்து ராஜசேகர் தாமதம். குட்டி யானை வண்டியிலிருந்து மெஷினை இறக்கி, பெரிய வேம்புக் கட்டையைச் சுற்றி மண்ணைச் சுரண்டி, ஸ்டார்ட் செய்யக் குனிந்தபோது கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. சாப்பாட்டுப் பை தோளில் ஆட என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"நிறுத்துப்பா! அதுல கை வெக்காத!"

ஓடிவந்து கட்டை மேலேயே ஏறி நின்றுகொண்டார். ராஜசேகர் மிரண்டுபோய், "இன்னாண்ணா, அக்காதான வரச் சொன்னாங்க" என்றார். இவர் இறங்கி, அவரை கேட் பக்கம் கூட்டிப்போய் ஏதோ முணுமுணுத்தார். போனை எடுத்துத் தட்டினார். ராஜசேகர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? என் காசுலதான வரச் சொன்னேன்? உன் சொத்தா கரையுது?"

அவர் கட்டை மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"உனக்கு நாள் தள்ளிக்கினு கீது, இல்ல?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நாலு நாளா கருவாடு வாசனைக்கு மூஞ்ச சுளிக்கிற. ரெண்டு படி ஏறுனா செவுத்தப் புடிச்சிக்கிற."

"அதுக்கும் கட்டைக்கும் இன்னா?"

"அன்னிக்கு நான்தான்மே வெட்னேன்." குனிந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டையைத் தடவினார். "டாக்டரம்மா சொன்னது மண்டைக்கு ஏறுது. கைக்கு ஏற மாட்டேங்குது. மாசா மாசம், இப்ப இருக்குமோ, இப்ப இருக்குமோன்னு தள்ளிப் போட்டுக்கினே வந்தேன். ரேட்டு கீட்டெல்லாம் சும்மா."

"இல்லன்னு ஆன மாசத்துல எடுத்திருக்கலாமே?"

"அன்னிக்கெல்லாம் நீ பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுக்கினு அழுவ. அப்ப போயி நான் மெஷினக் கூப்டவா?"

குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனையா கஞ்சன் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. "அவருக்கு எவ்ளோ குடுத்த?" என்று கேட்டேன்.

"பத்தாயிரம்."

"ஒன்பதுதான்யா பேசினேன்."

"தூள் அள்றதுக்கு ஆயிரம்னு சொன்னாரு."

"எந்தத் தூளு? அரைக்கவே இல்லியே!"

"இன்னிக்குப் பேரம் பேச நாக்கு எழும்பலமே. வுடு. நாளைலருந்து லைனுக்குப் போவாத. ரூமு அப்புறம் கட்டிக்கலாம், நான் ஓ.டி. பாத்துக்கிறேன்."

காய்கறிக் கடையில் கொசுறு கறிவேப்பிலைக்குச் சண்டை போடுகிறவர்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் தோளில் முகத்தை வைத்து, எந்தக் குழாயையும் திறக்காமல் சத்தமாக அழுதேன்.

இப்போது எனக்கு ஏழாம் மாசம். கட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. வெயில் தாழ்ந்தால் பெரிய வேம்புக் கட்டையில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்கிறேன். நேற்று ராஜசேகர் போன் செய்தார். "அண்ணன் குடுத்த காசு அப்படியே கீது அக்கா. கொழந்த பொறந்ததும் சொல்லுங்க, வந்து அரைச்சுத் தந்துட்டுப் போறேன்" என்றார்.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"சரி, தூளையும் அவர்தான் அள்ளணும்னு சொல்லிடு. ஆயிரம் குடுத்துக்கீறோம்" என்றார்.